பத்து மணி வண்டி

தாண்டவராயனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அதை யாராவது குறையாகச் சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். விழுப்புரத்துக்குத் தெற்கே, பெண்ணையாற்று ரயில் பாலத்தின் தென்கரையில் தோணித்துறை என்று முப்பது வீட்டுச் சேரி. அங்கே மணி தெரிய வேண்டுமென்றால் எல்லாரும் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். அவன் ஆகாசத்தைக்கூடப் பார்க்க மாட்டான். பாலத்து நிழலைப் பார்ப்பான். காலையில் அந்த நிழல் மேற்கே நீண்டு, துரைமார் படகை வைக்கிற போட் கொட்டாயின் தகரக் கதவில் விழுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் கதவை விட்டு இறங்கி, துறைப் படிக்கட்டுக்கு வரும். மூன்றாவது படியை நிழல் தொட்டதென்றால் பத்து மணி வண்டி பாலத்தில் ஏறும். பதினைந்து வருஷமாக இந்தக் கணக்கு பிசகினதே இல்லை. இதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, நிலமில்லாதவனுக்கு வேறென்ன இருக்கிறது.

பாலம் கட்டிய காலத்தில் மண் வாரப் போனவன் அவன். மூச்சடக்குவான் என்று தெரிந்ததும் கிணறு மாதிரி இறக்கின தூண்களுக்குள் முங்கி மண் எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கட்டி முடித்ததும், 'இது ரயிலுக்கு, மனுஷருக்கு இல்லை' என்று ஒரு பலகையை இரண்டு முனையிலும் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாண்டவராயன் சிநேகிதன் ராயப்பனோடு சேர்ந்து தோணி போட்டான். ஆடியில் மைசூர்ப் பக்கம் மழை பெய்தால் இங்கே ஆறு புரளும். தை வரைக்கும் தோணி ஓடும். மல்லாட்டைக் கடலை மூட்டை, ஆடு, மாடு, சந்தைக்குப் போகிற பொம்பளைகள், எல்லாரையும் வடகரையில் கொண்டுபோய் விடுவார்கள். தண்ணீர் வற்றின மாசங்களிலும் பாலத்துக்கு மேலண்டை இருந்த மடுவில் ஆள் முழுகுகிற ஆழம் இருக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார்கள் வந்து துடுப்புப் போட்டு விளையாடுவார்கள். அதற்காக ஒரு வெள்ளைப் படகு, அதற்கொரு தகரக் கொட்டாய். அந்தப் படகு ஒழுகாமல் கீல் பூசுவதும், தண்ணீர் இறைப்பதும், கவிழ்த்துக் காயவைப்பதும் தாண்டவராயன் வேலை. பிழைப்பு ஓடியது. கோவிந்தம்மாளைப் பாலம் வருவதற்கு முன்பே கட்டியிருந்தான். அவனுக்கு அத்தை மகள்தான். பிறந்த நாலில் மிஞ்சியது ஒன்று, ஜெயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ராயப்பன் பாலத்தில் செத்தான். தோணி அக்கரையில் இருந்தது. அதைக் கொண்டுவரப் பாலத்து மேலேயே நடந்து போனான். பாதியில் வண்டி வந்துவிட்டது. தூணுக்குத் தூண் ஒதுங்கி நிற்க இரண்டு ஆள் கொள்கிற ஒரு மேடை இருக்கும். அதற்கு இன்னும் பத்தடி. அந்தப் பத்தடியை அவன் ஓடி எட்டவில்லை. தாண்டவராயன்தான் முங்கி எடுத்தான். எடுத்ததை ராயப்பன் பெண்டாட்டிக்குக் காட்டாமல் சாக்கில் சுற்றிக் கட்டினான். அன்றையிலிருந்து, வண்டி போவதற்கு முன்னால் பாலத்தில் ஒருத்தர் காலை வைக்க விடமாட்டான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பான். பெரிய மனுஷன் சின்ன மனுஷன் பார்க்க மாட்டான்.

நாற்பத்தொன்றில் ஜெயத்தைக் கண்டாச்சிபுரத்துப் பக்கத்து அப்பாதுரைக்குக் கொடுத்தார்கள். நல்ல பையன். கூலி வேலைக்கு அலைந்து அலுத்துப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கார்த்திகையில் பத்து நாள் லீவில் வந்துவிட்டுப் போனான். ஜெயம் மாசமாகித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கே இருக்கிறான் என்று கடுதாசியில் எழுதக் கூடாதாம். அந்த வருஷம் பட்டாள வண்டிகள் நேரங்கெட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நிழலும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. வழக்கமில்லாத நேரத்தில் ஊதல் கேட்டால் கோவிந்தம்மாள் மகளைப் பார்த்து, "பட்டாள வண்டி போவுதுடி, எட்டிப் பாரு, உம் புருஷன் கைய ஆட்டறான்" என்பாள். ஜெயம் வெட்கப்பட்டுக்கொண்டு வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே போவாள். வீட்டில் இது தினசரி வேடிக்கையாகிப் போயிருந்தது.

நாற்பத்திரண்டு ஆவணியில் நாடே கொந்தளித்தது. அங்கங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், கம்பியை அறுத்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் படகு எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தாண்டவராயனின் தோணியை வடகரைக்கு இழுத்துப் போய்ச் சங்கிலி போட்டார்கள். துரைமார் படகையும் விடவில்லை. மேலே கீழே மூன்று மைல் தூரத்துக்கு ஒரு பரிசல்கூட மிச்சமில்லை. வடகரை முனையில் ஒரு குடிசை போட்டு, துப்பாக்கியோடு ஒரு காவல்காரனை உட்கார வைத்தார்கள். அவன் மகா கெட்டவன் ஒன்றும் இல்லை. பத்து மணி வண்டி போகிறவரைக்கும் விறைத்துக்கொண்டு நிற்பான். போனதும் சோறாக்க உள்ளே போய்விடுவான். அந்த நேரத்தில் ஜனங்கள் பாலத்தில் நடந்து போவார்கள், அவன் பார்க்காத மாதிரி இருப்பான். யாரும் பேசி வைத்ததில்லை, தானாக வந்த ஏற்பாடு.

ஜெயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி கண்டது. திங்கள் முழுக்கப் போயிற்று. செவ்வாய் விடிந்து வெயில் ஏறியதும் மருத்துவச்சி முனியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்ட கை அது.

"கொழந்தை கை முன்னால வந்துடுச்சு. என்னால ஆவாது," என்றாள். "விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிடுங்க. ரத்தம் வேற கண்டுடுச்சு. நின்னுக்கினு இருக்காதீங்க, ஜல்தியா கெளம்புங்க."

ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மழையெல்லாம் மைசூரில், இங்கே பளிச்சென்று வெயில். கிழிந்த புடவை இரண்டை இரட்டையாகப் போட்டு, மூங்கிலில் தூளி கட்டினான் தாண்டவராயன். முன்னால் தூக்க அவன். பின்னால் தூக்கப் பக்கத்து வீட்டு வெங்கடாசலம், அவன் தம்பி மகன்தான், இருபத்தைந்து வயசு, கட்டை குட்டையான பயல். தாண்டவராயன் கயிற்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாலத்துப் பக்கம் ஊதல் கேட்டது. தடதடவென்று வண்டி ஆற்றைத் தாண்டிப் போகிற சத்தம். ஜெயம் தலையைத் திருப்பினாள்.

கோவிந்தம்மாள் மகள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். "பட்டாள வண்டிடி கண்ணு. உம் புருஷன் போறான். அவன் வர்றதுக்குள்ள நீ புள்ளய கையில வெச்சுக்கினு உக்காந்திருப்பே."

ஜெயம் சிரிக்கப் பார்த்தாள். தாண்டவராயனும் மனசுக்குள் ஆமாம் என்றே நினைத்துக்கொண்டான். நிழல் இன்னும் போட் கொட்டாயின் கதவில்தான் இருக்கும். பத்து மணி வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது. அப்படியானால் இது பட்டாள வண்டி. வேறெதுவாக இருக்க முடியும்?

வயிறு எரிகிறது, ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பத்து மணி வண்டிதான். அன்றைக்கு செப்டம்பர் முதல் தேதி. யுத்தத்துக்காக என்று தேசத்துக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் மாற்றிவிட்டார்கள். பழைய ஒன்பதுக்கே புதுப் பத்து அடித்துவிட்டது. ஸ்டேஷனில் காகிதம் ஒட்டினார்கள். டவுனில் தமுக்கு அடித்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே சேரிக்கு யார் வந்து சொல்வது? சொல்லியிருந்தாலும் தாண்டவராயன் என்ன செய்திருப்பான்! கடிகாரத்தைத் திருப்பலாம், சூரியனைத் திருப்ப முடியுமா என்று கேட்டிருப்பான். பாலம் அப்போது காலி. அடுத்த வண்டி உச்சி சாய்ந்துதான். மகளைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்திருந்தால் தடையில்லாமல் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கலாம்.

துறைக்கு வந்து சேர்ந்தார்கள். நிழல் கதவை விட்டு இப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் நிற்காமல் பாலத்து மேட்டில் ஏறப் போனான்.

"நில்லுடா," என்றான் தாண்டவராயன். "பத்து மணி வண்டி வரணும்."

"இன்னும் நேரம் கெடக்குதே பெரிப்பா. அதுக்குள்ள போயிடலாம்."

"தூளியோட போவணும்டா. கட்டைக்குக் கட்டை பார்த்துக் கால் வைக்கணும். பெரிம்மா வேற வர்றா. அரை மணிக்கு மேல ஆவும். நடுவுல வந்துட்டா மேடையில தூளி கொள்ளுமா? யாரை விடுவே, யாரை எடுப்பே?"

வெங்கடாசலம் பாலத்து மேட்டை விட்டுத் திரும்பினான். அவனும் ராயப்பனைப் பார்த்தவன்தான். படிக்கட்டோரம் புங்க மரத்தடியில் தூளியை இறக்கினார்கள். கோவிந்தம்மாள் மகள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜெயம் தண்ணீர் கேட்டாள். ஆற்றில் நனைத்த துணியை உதட்டில் பிழிந்தார்கள். கொஞ்ச நேரம் வலியில் கத்தினாள். அப்புறம் கத்தவில்லை.

நிழல் முதல் படிக்கு வந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இத்தனை நேரம் ஆகுமென்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனையோ நாள் அதே இடத்தில் பீடி பிடித்துக்கொண்டு, நிழல் ஓடுகிறதே என்று சலித்துக்கொண்டிருக்கிறான். எழுந்து போய்த் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான்.

அக்கரையில் காவல்காரன் குடிசையிலிருந்து புகை எழும்பியது. அதையும் பார்த்தான். வண்டி போகாமலே உலை வைத்துவிட்டானே, இன்றைக்கு அவனுக்கு என்ன பசி என்று நினைத்தான். பாவி, அவ்வளவுதான் நினைத்தான். ஒரு புகை, ஒரு ஊதல், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு அப்போது புத்தி எங்கே இருந்தது. கண் முழுக்க அந்த மூன்றாவது படியில்தான் இருந்தது.

தூளித் துணி நனைந்து கீழே மண்ணில் கறுப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. கோவிந்தம்மாள் அதைக் காலால் மண் தள்ளி மூடினாள். ஜெயம் பார்த்துவிடப் போகிறாள் என்று அப்படிச் செய்தாள்.

"மாமா, போயிடலாம் மாமா," என்றாள் கோவிந்தம்மாள்.

"இதோ தொடப் போவுது பாரு. வண்டி போனதும் ஓடிடலாம். கொஞ்சம் பொறுத்துக்கோ."

நிழல் மூன்றாவது படியைத் தொட்டது. வண்டி வரவில்லை. யுத்த காலம், லேட்டாகத்தான் வரும் என்றான். யாரும் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னான். இப்போது போவது இன்னும் ஆபத்து, எந்த நிமிஷமும் வரும் என்றான். அதுவும் நியாயந்தான், அவன் கணக்குப்படி. நிழல் படியை விட்டு மண்ணில் இறங்கிற்று. ஜெயம் கண்ணைத் திறந்து, "அப்பா, குளுருது," என்றாள். அந்த வெயிலில்.

அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "வர்றது வரட்டும். தூக்குடா," என்றான்.

ஏறினார்கள். ரயில் கட்டைகளுக்கு நடுவே கீழே செக்கச் செவேலென்று தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. தாண்டவராயன் முதல் தூணைத் தாண்டினான். இரண்டாவதைத் தாண்டினான். ஒவ்வொரு அடிக்கும் முதுகுப் பக்கம் வண்டி வருகிறதா என்று உடம்பெல்லாம் காதாக இருந்தது. கோவிந்தம்மாளுக்கு மூன்றாவது தூணிலேயே தலை சுற்றிவிட்டது. அவள் மண்டி போட்டு, கட்டை கட்டையாகக் கையை ஊன்றித் தவழ்ந்து வந்தாள். "நீங்க போங்க, நிக்காதீங்க," என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்கள் நிற்கவில்லை. நடு ஆற்றில் தூளி ஒரு தரம் அசைந்தது. அதற்கப்புறம் மூங்கிலில் பாரம் சும்மா தொங்கியது. வெங்கடாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா நடக்கட்டும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

வடகரையில் இறக்கினார்கள். தாண்டவராயன் துணியை விலக்கிப் பார்த்தான். மூக்கில் கை வைத்துப் பார்த்தான். காவல்காரன் சோற்றுக் கையோடு வெளியே ஓடி வந்து, பார்த்து, கையை உதறிக்கொண்டு நின்றான்.

"ஏன்யா, இந்த நெலமையில பொண்ணை வெச்சுக்கினு அக்கரையில இன்னாத்துக்குய்யா உக்காந்துக்கினு இருந்தீங்க? மரத்தடியில இருந்ததை நானும் பார்த்தேன். ஏதோ சந்தைக்குப் போற கும்பல்னு இருந்துட்டேன்."

"பத்து மணி வண்டி..." என்றான் தாண்டவராயன்.

"அது போய் ரெண்டு மணி நேரம் ஆவப் போவுதேய்யா. இன்னிலேந்து புது மணியாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

தாண்டவராயன் அவனைப் பார்த்தான். பாலத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கோவிந்தம்மாள் இன்னும் நாலு தூண் தூரத்தில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து கட்டையையே பார்த்து வந்தாள். வெங்கடாசலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தாண்டவராயன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"டேய். வண்டி முன்னாடியே போயிட்டதுன்னு பெரிம்மாவுக்குத் தெரியக் கூடாது. உன் காலைப் பிடிச்சுக்கறேன்," என்றான். காவல்காரனைப் பார்த்தும் கும்பிட்டான். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வெங்கடாசலமும் காவல்காரனும் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். வண்டி முந்தி வருதே என்று யாராவது கேட்டால், யுத்த காலத்து வண்டிக்கு ஏது நேரம் என்று தாண்டவராயன் மழுப்பிவிடுவான். வெங்கடாசலத்துக்குப் பெரியப்பாவின் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வயிற்றில் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும் அல்லவா. தாண்டவராயன் பாலம் கட்டின காலத்து மிச்சக் கல்லை உருட்டி வந்து, இரண்டை நிறுத்தி ஒன்றைக் கிடத்தி, துறைக்குப் போகிற பாதையில் தானே நட்டான். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். பக்கத்தில் கோவிந்தம்மாள் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருப்பாள். வந்தவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

"எங்க ஊட்டுக்காரரு வண்டி வரட்டும்னு நிறுத்தி வெச்சாரு. அதுவோ வரவே இல்ல. யுத்த காலத்துப் பேஜாரு. ஆனா முன்னாடியே ஏறியிருந்தா, நடுவுல வந்திருந்தா, நாலு பேருல்ல போயிருப்போம்? அவரு பண்ணது சரிதான். நான் ஒரு நாளும் குத்தம் சொல்ல மாட்டேன்."

மூன்று வருஷம் இப்படிச் சொன்னாள். ஊரே அவளைத் தங்கமான பொம்பளை என்றது. தோணியைத் திருப்பிக் கொடுத்தும் தாண்டவராயன் அதில் ஏறவில்லை. வெங்கடாசலம்தான் ஓட்டினான். யாராவது பழக்க தோஷத்தில், "மணி இன்னா இருக்கும்?" என்று கேட்டால், தெரியாது என்பான். துறையில் உட்காருவதை விட்டான். கழனி வேலைக்குப் போய்க் கேப்பைக்கு மண் அணைத்தான். கோவிந்தம்மாள் அவன் தட்டில் கூழை ஊற்றும்போதெல்லாம், "உன் மேல தப்பு இல்ல மாமா, சாப்புடு," என்பாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவான்.

நாற்பத்தைந்து கார்த்திகையில் அப்பாதுரை வந்தான். பட்டாளத்திலிருந்து விட்டுவிட்டார்கள். கல்லருகே போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான். மணிக்கட்டில் ஒரு கடிகாரம். பேச ஒன்றும் அகப்படாமல், அதைத் திருகிக்கொண்டே ஏதேதோ சொன்னான்.

"போன மாசந்தான் அத்தை, மணியைப் பழையபடி மாத்திட்டாங்க. சண்டைக்கோசரம் மாத்தினது. இப்ப பழைய மணிக்கே வந்துட்டுது."

"இன்னாத்தை மாத்தினாங்க?" என்றாள் கோவிந்தம்மாள்.

"கடிகாரத்தை. ஒம்பது அடிக்கற நேரத்துக்குப் பத்துன்னு ஆக்கிட்டாங்க. ஆபீஸு, ரயிலு எல்லாமே ஒரு மணி முந்தி நடந்துது. மூணு வருஷமா அப்படித்தான்."

"எப்பலேந்து?"

"நாப்பத்திரண்டு செப்டம்பர் ஒண்ணாந்தேதி. எனக்கு நல்லா ஞாபகம், செவ்வாக்கிழமை. கேம்புல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது ஜெயம் செத்த தேதி மட்டும்தான். அதனால்தான் அத்தை இடிந்துபோனாள் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக எழுந்து வெளியே போனான்.

கோவிந்தம்மாள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். படிக்காதவள்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் கணக்குப் போடத் தெரியாதவள் இல்லையே.

"மாமா," என்றாள். "அன்னிக்கு ஊதிக்கினு போனது பட்டாள வண்டி இல்ல."

தாண்டவராயன் அப்பாதுரை போன வாசலைப் பார்த்தான்.

"உனக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"பட்டாள வண்டின்னு நான்தானே சொன்னேன்."

"நீ சொல்லல. நான் சொன்னேன்."

"நீ எங்க சொன்னே? நீ தூளிக்குக் கட்டிக்கினு இருந்தே. கயித்துமுனை உன் வாயில இருந்துது, பல்லால கடிச்சிக்கினு இருந்தே. உன்னால வாயே தெறந்திருக்க முடியாது." அவள் அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "நான்தான் சொன்னேன். எம்பொண்ணு மொகத்தைத் தொடச்சிக்கினே சொன்னேன். அப்புறம் மூணு வருஷமா ஊர்ல போறவன் வர்றவன்கிட்டல்லாம் உன்னை மன்னிச்சிக்கினு உக்காந்திருந்தேன். நீ கேட்டுக்கினு இருந்தே."

அவன் எழுந்து வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பகலில் அப்படிப் பிடித்ததில்லை.

"கயிறு வாயில இல்ல புள்ள. உனக்கு மறந்துபோச்சு," என்றான். "நான்தான் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."